சர் தியாகராயரும் ஓரணாச் சிற்றுண்டியும்

ஏழைகளுக்குச் சர்க்கார் கொடுப்பது தருமமா, விரயமா, அல்லது முதலீடா என்னும் வழக்கு நம் நாட்டில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பஞ்ச காலத்தில் கஞ்சி வார்த்த நாள் தொட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா பரிமாறும் நாள் வரையில் அது ஓயாமல் நடந்து வருகிறது. கொடுக்கக் கொடுக்க ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள், பொக்கிஷம் வறண்டுபோகும் என்பர் ஒரு சாரார். கொடாவிடில் உழைக்கும் கையே இல்லாமற் போகும், பிறகு பொக்கிஷத்தை நிரப்புவார் யார் என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் பெரும்பாலும் தத்துவம் பேசுகின்றனரேயன்றிக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. கணக்கைத் திறந்து பார்த்த ஒருவரின் சரித்திரத்தை இங்கே சொல்ல எண்ணுகிறோம். அவர் துறவியல்லர், பொதுவுடைமைவாதியுமல்லர். வடசென்னையில் தறிகள் ஓட்டிப் பணம் சேர்த்த வர்த்தகர். அவரே சர் பிட்டி தியாகராய செட்டியார்.

தியாகராயர் 1852ஆம் வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி, தெலுங்கு பேசும் தேவாங்கர் குலத்தில் பிறந்தார். தேவாங்கருக்கு நெசவு குலத்தொழில். அவருடைய வாழ்வும் தொழிலும் பெரிதும் வண்ணாரப்பேட்டையோடு பிணைந்தவை. இந்த வடபகுதிக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. துணியை வெளுப்போரும் நெய்வோரும் குடியேறியதாலேயே இங்குள்ள பல பேட்டைகள் பேர் பெற்றன. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டைக்குக் காலடியோடு சம்பந்தமே இல்லை என்பதை நேயர்களில் பலர் அறியமாட்டார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் கொண்டு அங்கே ஓர் ஊரை அமைத்தார். காலெட் பேட்டை நம்மவர் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கம்பெனியார் தரும சிந்தையால் இதைச் செய்தார்கள் என்று எவரும் சொல்லார். நெசவாளிக்கு இருக்க இடமும் கும்பிடக் கோயிலும் இருந்தாற்றான் துணி வரும், துணி வந்தாற்றான் கப்பல் நிறையும் என்பதை அவ்வியாபாரிகள் உணர்ந்திருந்தனர். ஆகவே உழைப்பாளிக்குச் செய்யும் செலவைத் தொழிலின் செலவாகக் கருதும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று.

மற்றொரு வழக்கமும் இங்கே வேரூன்றியிருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பால் பஞ்சம் உண்டாகி ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ப் பட்டணத்துக்கு ஓடிவந்தபோது, 1782இல் இராயபுரத்தை அடுத்த மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்க்கப்பட்டது. பின்னர் 1799இல் அச்சத்திரத்தைச் சார்ந்து ஒரு வைத்தியசாலை எழுந்தது. இன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று வழங்கும் பெரும் நிலையத்தை நெடுங்காலம் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வடசென்னை ஜனங்கள் அழைத்து வந்தார்கள். பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியே வைத்தியசாலையாகவும் வைத்தியக் கல்லூரியாகவும் வளர்ந்தது என்றால் அது அலங்காரப் பேச்சன்று. அந்நிலையத்தின் வரலாறே அது.

தியாகராயர் இராஜதானிக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்ற வருஷம் 1876. அவ்வருஷத்தின் பெயர் தமிழ்நாட்டார் நெஞ்சில் வேறொரு காரணத்தால் நிலைத்துவிட்டது. தாது வருஷப் பஞ்சம் அப்பொழுதுதான் தொடங்கியது. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டில் ஐம்பது லட்சத்துக்குக் குறையாத ஜனங்கள் மடிந்தனர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் காவலும் போடப்பட்டிருந்தது. தானியம் இருந்தது, அதை வாங்கும் காசு குடியானவனிடம் இல்லை. அச்சமயம் செலவைக் குறைக்கும் பொருட்டு இந்திய சர்க்காரால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர், நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்! சென்னையின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குள் விதியைத் தளர்த்த நேர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் திரும்பவில்லை.

அதே பஞ்ச நிவாரணத்தின் மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்க் கால்வாய் பஞ்சத்தால் அடிபட்டு வந்தவர்களைக் கொண்டே வெட்டப்பட்டது. சுமார் 30 லட்சம் ரூபாய் செலவு. சுமார் 60 லட்சம் ஆள்-நாள் வேலை. அவ்விணைப்பால் வடக்கே எண்ணூர் வழியாக ஆந்திரக் கரை வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஒரே நீர்வழியாயிற்று. விறகும் உப்பும் சிப்பியும் நெல்லும் ஏற்றிய தோணிகள் பல பத்தாண்டுகள் அதில் ஓடின. ஒரே பஞ்சத்தில், ஒரே சர்க்கார், ஒரு கையால் ராத்தல் கணக்குப் பார்த்து ஜனங்களை மெலிய வைத்தது; மறு கையால் கூலி கொடுத்து நாட்டுக்கொரு கால்வாய் பெற்றது. அக்கால்வாயைப் பிற்காலத்தில் நாமே சாக்கடையாக்கினோம் என்பது தனிக் கதை. அதற்குப் பஞ்சத்தின்மேல் பழிபோட முடியாது.

பட்டம் பெற்ற 24 வயது வாலிபர் இவற்றைப் பற்றி என்ன எண்ணினார் என்று கற்பிக்க நாம் முயலோம். அவர் செய்த காரியங்களே நமக்குப் போதும். 1882இல் சென்னை நகர சபையில் அங்கத்தினரானார். அது முதல் சுமார் நாற்பது வருஷகாலம் அச்சபையில் இருந்தார். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் கணக்குகளில் நாற்பது வருஷம் கழித்தவர் நம் பொதுவாழ்வில் எத்தனை பேர்? மேடையில் நாட்டை ஆள்வோர் பலர். கமிட்டியில் உட்கார்ந்து குழாய் அளவைப் பார்ப்போர் சிலரே.

தொழிலிலும் அவர் பின்வாங்கவில்லை. ஏறக்குறைய நூறு தறிகளைக் கொண்ட நெசவுச்சாலையை நடத்தினார். கையால் நாடாவை எறிந்து பிடிக்கும் பழைய முறைக்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசை நாடாத் தறியைப் பரப்ப முயன்றார். ஒரே நெசவாளி, ஒரே நாளில், முன்னைவிட அதிக முழம் நெய்ய அது இடந்தந்தது. 1909இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் ஒருவராய் நின்று, பின்னர் நெடுங்காலம் அதற்குத் தலைமை வகித்தார். எப்பொழுதும் வெள்ளுடையே தரித்தமையால் வெள்ளுடை வேந்தர் என்று ஜனங்கள் அவரை அழைத்தனர். தறிக்காரர் தம் சரக்கைத் தாமே உடுத்து விளம்பரம் செய்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அவருடைய அரசியலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதலில் காங்கிரஸில் பல்லாண்டு இருந்தவர், 1916இல் டாக்டர் டி. எம். நாயர் முதலியவர்களோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். ஜஸ்டிஸ் கட்சி என்று பின்னர் வழங்கியது அதுவே. 1920ஆம் வருஷத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, கவர்னர் வில்லிங்டன் அவரை முதல் மந்திரி பதவிக்கு அழைத்தார். அவர் மறுத்துவிட, சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்த சமயம் தேசிய இயக்கத்தார் ஹர்த்தால் நடத்தினார்கள். தியாகராயரோ வரவேற்பாளர் பக்கம் நின்றார். அதன் பொருட்டு அவர்மேல் எழுந்த கோபம் சாமானியமானதன்று. அது நியாயமற்றது என்று நாம் சொல்லப்போவதுமில்லை. அந்நிய ஆட்சியின் நிழலில் உரிமை தேடிய கட்சிக்கு அவர் தலைவர் என்பது சரித்திர உண்மை. ஆயினும் ஒருவருடைய அரசியல் நமக்கு உடன்பாடன்று என்பதற்காக அவர் செய்த காரியத்தின் தராசை நாம் சாய்த்துப் பிடித்தல் தகாது.

மந்திரி பதவியை வேண்டாமென்றவர் நகர சபைத் தலைமையை வேண்டாமென்னவில்லை. உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவராக அவர் சென்னைக் கார்ப்பொரேஷனில் அமர்ந்திருந்த காலத்தில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

1920ஆம் வருஷம் செப்டம்பர் 16ஆம் தேதி நகர சபையார் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஆயிரம் விளக்கிலிருந்த கார்ப்பொரேஷன் பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் மத்தியானச் சிற்றுண்டி அளிப்பது என்பதே தீர்மானம். அதற்குத் தலைவர் காட்டிய காரணத்தைக் கவனிக்க வேண்டும். அப்பள்ளியின் பிள்ளைகள் ஏழைகள்; ஏழ்மையால் பள்ளியில் சேருவோர் தொகை பெரிதும் குன்றியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கருணையைப் பற்றியோ புண்ணியத்தைப் பற்றியோ பேச்சில்லை. பள்ளிக்கூடம் கட்டியாயிற்று, வாத்தியார் வைத்தாயிற்று, பிள்ளைகள் வரவில்லை. வராததன் காரணம் வயிறு என்றால் வயிற்றைக் கவனிக்கத்தானே வேண்டும்? தறி வாங்கிப் போட்டுவிட்டு நூல் வாங்கக் காசில்லை என்று கையைக் கட்டி நிற்கும் முதலாளி உண்டா?

இந்த வர்த்தகர் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பழைய நாணயத்தில் பதினாறணா ஒரு ரூபாய். வருஷத்தில் 200 நாள் பள்ளி நடப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளைக்கு 200 அணா, அதாவது 12 ரூபாய் 8 அணா ஆகிறது. இஃது உச்ச வரம்பே. இதை எதிர்ப்போர் இந்தத் தொகையை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் இருபது பிள்ளைகளுக்கு முன் நின்று போதிக்கும் வாத்தியாருக்கும், நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்று போதிக்கும் வாத்தியாருக்கும் சம்பளம் ஒன்றுதான். கட்டடத்தின் வாடகையும் ஒன்றுதான், கரும்பலகையும் ஒன்றுதான். பாதி வகுப்பு காலியாயிருந்தால் வாத்தியார் சம்பளத்தில் பாதி வீண். அவ்வீண் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தனியாக எழுதப்படுவதில்லையாகையால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் இலையிலிட்ட ஓரணா மட்டும் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

பலன் என்ன? ஆயிரம் விளக்கில் தொடங்கிய ஏற்பாடு மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. இவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த பிள்ளைகளின் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. இரண்டே வருஷங்களில் இரட்டிப்புக்கு மேல்! சட்டம் போட்டு, கட்டாயப்படுத்தி, தகப்பன்மார்களுக்கு அபராதம் விதித்து இவ்வளவு பிள்ளைகளை இரண்டு வருஷத்தில் கொண்டுவந்திருக்கக் கூடுமா என்று யோசித்துப் பாருங்கள். கூலிக்காரர் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளையும் ஏதேனும் சில்லறை வேலை செய்து வீட்டுக்குச் சிறு காசு கொண்டு வருவது அக்காலத்தில் சகஜம். பிள்ளை பள்ளிக்குப் போனால் அக்காசு போயிற்று. மத்தியானம் அவன் உண்பதற்கும் வீட்டார் வழி செய்ய வேண்டும். ஆக ஏழைத் தகப்பனுக்கு இலவசப் பள்ளியும் இலவசமாயிருக்கவில்லை. சிற்றுண்டி அவ்விரண்டாவது செலவைத் தாங்கிக்கொண்டது. முதலாவது இழப்பிலும் சிறிது ஈடு செய்தது.

இவ்வளவு தெளிவான பலன் கண்ட ஏற்பாடு 1925ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று நின்றுபோயிற்று.

நின்றதற்குக் காரணம் சோறு கெட்டதன்று, பிள்ளைகள் சோம்பேறிகளானதுமன்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்வதற்குச் சர்க்கார் அனுமதி மறுத்தனர். கல்விக்கென்று திரட்டிய பணம் கல்விக்கே செலவாக வேண்டும், சிற்றுண்டி கல்வியாகாது. தணிக்கை அதிகாரியின் நோக்கில் இதில் தவறு காண முடியாது. புத்தகம் வாங்கினால் கல்வி, மேஜை வாங்கினால் கல்வி, மேஜைக்கு முன் பிள்ளையை உட்கார வைக்கும் இட்டலி மட்டும் கல்வியன்று! ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. ஏனைய பள்ளிகளின் பிள்ளைகள் புது வருஷக் கணக்குத் தொடங்கிய நாளிலேயே இலையை இழந்தார்கள்.

அம்மாதத்திலேயே, ஏப்ரல் 28ஆம் தேதி, எழுபத்து மூன்று வயது நிரம்பிய மறுநாள் தியாகராயர் காலமானார். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது நம் நோக்கமன்று. ஆனால் நாற்பது வருஷம் நகர சபைக் கணக்குகளோடு வாழ்ந்த ஒருவர் கண்மூடும் தறுவாயில், அவர் தொடங்கிய காரியம் ஒரு கணக்குத் தலைப்பின் பொருட்டு நின்றுபோனது நம் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. நகர சபையிலும் வெளியிலும் வேண்டுகோள் ஓயாமையால் 1927இல் அத்திட்டம் ஒருவாறு உயிர் பெற்றது. 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க ஏற்பாடாயிற்று.

நிற்க. பின்னர் நடந்தவை பெரும்பாலார் அறிந்தவையாகையால் விரிக்கவில்லை. 1956இல் காமராஜர் இம்மாகாணம் முழுவதற்கும் மதிய உணவைக் கொண்டுபோனார். முதலில் ஊரார் தந்த அரிசியும் பருப்பும் காசுமே அதற்கு ஆதாரம். 1982 ஜூலை முதல் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். பணம் எங்கே என்று அன்று கேட்ட நிபுணர்கள் பலர். மையந்தோறும் அமைப்பாளர், சமையலாள், உதவியாளர் என மூவருக்கு வேலை கிடைத்ததையும், அவர்களில் மிகப் பெரும்பாலார் பெண்கள், அவர்களுள்ளும் கைம்பெண்களும் ஆதரவற்றவர்களும் பலர் என்பதையும் அந்நிபுணர்கள் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1995இல் இந்திய சர்க்கார் இதைத் தேசம் முழுவதற்குமான திட்டமாக அறிவித்தனர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவே தரவேண்டுமென்று எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தொடங்கியதைக் காங்கிரஸ் முதல்வர் பரப்பினார், அண்ணா தி.மு.க. முதல்வர் பெருக்கினார், 1989இல் தி.மு.க. அமைச்சரவை அதில் முட்டையையும் சேர்த்தது. ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே நான்கு கட்சியார் தொடர்ந்து நடத்திய காரியம் நம் நாட்டில் வேறெது?

கேட்பவர்கள் இன்னமும் கேட்கிறார்கள்: பிள்ளைகள் தின்றார்கள், சரி, தேசத்துக்கு என்ன மிச்சம்? இதற்கு இப்பொழுது ஆதாரத்தோடு விடை சொல்ல முடிகிறது. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சிறு வயதில் பள்ளியில் மதிய உணவு உண்ட பெண் குழந்தைகள், வளர்ந்து தாயாரானபோது பெற்ற பிள்ளைகள், அவ்வுணவு கிடைக்காத பெண்களின் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று அதில் கண்டிருக்கிறது. அதற்கு முன், 2014இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஆந்திரத்தில் வறட்சியால் மெலிந்த சிறுபிள்ளைகள் பள்ளி உணவால் இழந்த வளர்ச்சியை மீட்டுக்கொண்டதைக் காட்டிற்று. ஒரு பெண் குழந்தையின் இலையில் விழுந்த சோறு அவளுடைய குழந்தையின் எலும்பில் போய்ச் சேருகிறது. இருபது வருஷத்துக்குப் பின் வரும் இலாபத்தை எந்த நிதி மந்திரி தம் வருஷாந்தர அறிக்கையில் காட்ட முடியும்? கணக்கோ மார்ச்சு மாதம் 31ஆம் தேதி மூடப்படுகிறது. 1925இல் நேர்ந்த பிழையும் இதுவே.

இவ்வாறு எழுதுவதால் சர்க்கார் தருவதெல்லாம் நன்மையே என்று நாம் சாதிப்பதாக எவரும் கருதவேண்டாம். நல்ல திட்டத்தையும் அசிரத்தையால் கொலைக் கருவியாக்க முடியும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஒன்பது வருஷம் கழித்து அதே தேதியில், பீகாரில் பூச்சி மருந்து கலந்த மதிய உணவை உண்ட 23 பிள்ளைகள் மாண்டார்கள். மலிவான எண்ணெய், ஓலைக் கூரை, பார்வையிடாத அதிகாரி ஆகிய இவற்றை ஏழைக்கு இதுவே போதும் என்ற எண்ணம்தான் பெற்றெடுக்கிறது. டெம்பிள் துரை ஒரு ராத்தல் போதும் என்றதும் அதே எண்ணத்தினாலேயாம்.

இலவசம் என்னும் ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதும் பிசகு. 2006இல் வாக்களித்த தொலைக்காட்சிப் பெட்டியும் 1920இன் ஓரணாச் சிற்றுண்டியும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. தேர்தல் வாக்குறுதியாக இலவசப் பொருள் அளிப்பது பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அது சட்டப்படி ஊழலாகாது எனினும் நெறிமுறை வகுக்க வேண்டுமென்று தேர்தல் கமிஷனுக்குச் சொல்லிற்று. எமது அளவுகோல் எளியது: கொடுத்த பொருள் உழைக்கும் கைக்கு வலிமை சேர்த்ததா, அல்லது வாக்குச் சீட்டுக்கு விலையாயிற்றா என்பதே. மாவாட்டும் இயந்திரத்தை இரண்டாவது வகையில் தள்ள நமக்கு மனம் வரவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கழிந்த பெண்களின் மணிகளை எண்ணிப் பார்த்தவர்கள் தள்ளமாட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்காக வாதாட நம்மால் இயலவில்லை.

தியாகராயரின் பெயர் இன்று எங்கே வழங்குகிறது? அவர் மறைந்த காலத்தை ஒட்டி நகரின் தென்மேற்கே புதிதாய் எழுந்த பேட்டைக்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டார்கள். பட்டும் பொன்னும் விற்கும் அக்கடை வீதிகளில் நெரியும் லட்சக்கணக்கானோருள், அப்பெயர் ஒரு நெசவுக்காரருடையது என்றறிந்தவர் எத்தனை பேர்? ரிப்பன் மாளிகை வாயிலில் அவருடைய சிலை நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளியும், 1950இல் தோன்றிய கல்லூரியும் விளங்குகின்றன. வடசென்னைத் தொழிலாளியின் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்து ஏறிய படிகள் அவை.

அப்பிள்ளைகளின் உழைப்பால் எழுந்ததுதான் இத்துறைமுகத் தொழில் வட்டாரம். இராயபுரத்தில் 1856இல் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வண்டியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்யும் சாலைகள் தோன்றியது, மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது வரையில் எல்லாவற்றுக்கும் எழுத்தறிந்த, உடல் வலுவுள்ள ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அளவுகோலைப் படிக்கவும், வரைபடத்தைப் பார்த்து இரும்பு கடையவும் தெரிந்த தொழிலாளி வானத்திலிருந்து குதிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆலை வைத்த முதலாளிகள் இங்கே தேர்ந்த ஆட்கள் கிடைப்பதைப் புகழ்கிறார்கள். அவ்வாட்களில் பலர் எந்த இலையில் உண்டு வளர்ந்தார்கள் என்பதை அவர்கள் கேட்பதில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது, சூட்டியவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, பொருத்தமாகவே அமைந்தது.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கினர். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். ஒதுக்கிய தொகை 33 கோடியே 56 லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் அது 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. நூற்றிரண்டு வருஷங்களுக்கு முன் ஆயிரம் விளக்கில் வைத்த இலை காலைப் பொழுதுக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் அவ்விரிவு ஐந்தாம் வகுப்போடு நின்றது. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன் தொடங்குகிறது. கூடை சுமக்கும் தாய் அதற்கும் முன்னே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அவளுடைய பிள்ளை ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பில் காலையுணவு உண்டவன்; ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனபோது அந்த இலை அவனுக்கு இல்லையாயிற்று. அடுப்பு மூட்டாத வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு வரும் அப்பதினொரு வயதுப் பிள்ளையின் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சர்க்கார் முடிவு செய்யவேண்டும்.